பத்தாவது முறை மூடியைத் திறந்தால் பேனிக்: ஒரு வைஃபை டாங்கிளோடு இரண்டு வருடம்

"அந்த யூஎஸ்பி வைஃபை டாங்கிள் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டார். இரண்டு வருடமாக என் லேப்டாப்பில் செருகியிருப்பது அதுதான். ஆனாலும் ஒரு வரியில் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிக்னல் பிரமாதம். லேப்டாப்பின் உள் வைஃபை இரண்டு சுவர் தாண்டினாலே திணறும், இது அசராது. குறை அதை இயக்கும் மென்பொருளான டிரைவரில். அது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு வருவதில்லை; தயாரிப்பாளர் தருவதை இறக்கி, வெளி டிரைவர்களைக் கர்னலுக்கு ஏற்பக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் வழியாகப் போட வேண்டும். கர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் அதுவும் மறுபடி கம்பைல் ஆகும். சில சமயம் ஆகாது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது மூடி விவகாரம். சஸ்பெண்டில் போட்டுவிட்டு மூடியைத் திறந்தால் ஒன்பது முறை ஒழுங்காக எழும். பத்தாவது முறை திரை உறைந்து, கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும். கர்னல் பேனிக்: மீள வழியில்லாமல் கர்னல் அப்படியே நின்றுவிடுவது. சேமிக்காத வேலையெல்லாம் போச்சு.

முந்தைய பூட்டின் ஜர்னலை, அதாவது சிஸ்டத்தின் பதிவேட்டைப் பார்த்தால் சஸ்பெண்ட் வரை சுத்தமாக இருக்கும், அதற்குப் பிறகு வெறுமை. இன்டரப்ட் (சாதனமோ டைமரோ கர்னலை இடைமறிக்கும் கணம்) நடுவே பேனிக் ஆனால் டிஸ்கில் எழுத அவகாசமே கிடைக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ரேமைச் சந்தேகப்பட்டு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினேன். ஒரு பிழைகூட இல்லை.

அப்புறம்தான் பிஸ்டோர் என்ற கர்னல் வசதி கண்ணில் பட்டது. சாகும் நேரத்தில் கர்னல் தன் கடைசி வார்த்தைகளை மதர்போர்டின் யூஇஎஃப்ஐ நினைவகத்தில் எழுதிவைக்கிறது. அடுத்த பூட்டில், சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அவற்றை எடுத்து ஒரு அடைவில் போடுகிறது. மூன்று மாதக் கோப்புகள் நான் எட்டியே பார்க்காமல் அங்கே கிடந்தன! முதல் கோப்பில், டிஸ்கில் கோப்புகளைக் கையாளும் எக்ஸ்ட்4-இன் ஃபங்ஷன் பெயர் இருந்தது. பழி எஸ்எஸ்டி மேல் விழுந்தது. புதிது மாற்றினேன். மறு வாரமே விளக்கு சிமிட்டியது.

கோபத்தில் எல்லாக் கோப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தேன். ஒன்றில் எக்ஸ்ட்4, ஒன்றில் கிராஃபிக்ஸ், இன்னொன்றில் டைமர். மாறாமல் இருந்தது 'டெயின்டட்', அதாவது 'கறை பட்டது' என்ற வரி மட்டும். கர்னலில் ஏற்றிய துண்டுகளான மாட்யூல்களின் பட்டியலில் டாங்கிள் டிரைவர் பெயரை அடுத்து இரண்டு எழுத்துகள்: ஓ, இ. முதலாவது கர்னலுக்கு வெளியிலிருந்து வந்தது என்பதற்கு, மற்றது கையொப்பம் இல்லாததற்கு. இவன்தான் குற்றவாளி என்று கர்னல் சொல்லவில்லை. இவன் வீட்டுக்குள் இருக்கிறான், இனி நான் பொறுப்பில்லை என்கிறது, அவ்வளவுதான். 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியதும் இப்படிக் கர்னலுக்குள் விட்ட வெளியாளால்தான்.

மாட்யூலை இறக்கினாலும் அந்தக் கறை போகாது, ரீபூட் வேண்டும். டிரைவரைத் தடைப்பட்டியலில் போட்டு, ரீபூட் செய்து, மூன்று வாரம் போன் இணைப்பில் ஓட்டினேன். ஒரு பேனிக்கும் இல்லை.

திரும்பவும் டிரைவரைப் போட்டு, இந்த முறை ஸ்லப் டிபக் என்ற நினைவகச் சோதனை வசதியோடு பூட் செய்தேன். அது விடுவிக்கப்பட்ட நினைவகத்தை 6பி என்ற பைட்டால் நிரப்பிவைக்கும். அடுத்த பேனிக்கில் ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்) முழுக்க 6பி6பி6பி6பி. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! யாரோ, காலி செய்துவிட்டுப் போன வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு முன் ஒவ்வொரு முறையும் வேறு முகம் தெரிந்ததற்கும் விடை கிடைத்தது: அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்தான் அடி வாங்கியிருக்கிறார்.

டைமர் கண்காணிப்பை இயக்கிக் கம்பைல் செய்த கர்னல் மீதியைச் சொன்னது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் டைமரின் நினைவகத்தை விடுவிக்கிறார்கள் என்ற எச்சரிக்கை, கூடவே ஃபங்ஷன் பெயர். லேப்டாப் தூங்கி எழும்போது டாங்கிள் துண்டிக்கப்பட்டு மறுபடி இணையும். துண்டிக்கப்படும்போது டிரைவர் தன் டைமரை நிறுத்துகிறது, ஆனால் 'வைஃபை இணைப்பு இருந்தால்' என்ற இஃப் நிபந்தனைக்குள்! தூங்குவதற்கு முன்பே இணைப்பு அறுந்திருந்தால் டைமர் நிற்காது. பத்தாவது முறையின் ரகசியம் இவ்வளவுதான்.

அந்த வரியை இஃப்-க்கு வெளியே எடுத்து, டைமரை மறுபடி எழவிடாமல் நிறுத்தும், 6.2 கர்னலில் வந்த 'டைமர் ஷட்டவுன் சிங்க்' போட்டேன். ஐந்து மாதமாக விளக்கு சிமிட்டவில்லை. திருத்தத்தைத் தயாரிப்பாளருக்கும் அனுப்பினேன். பதில் இல்லை. ஒரு வரி ஐயா, ஒரே ஒரு வரி! நான் மாற்றிய எஸ்எஸ்டிக்கு யார் கணக்குச் சொல்வது?

நண்பருக்குச் சொன்னது: வாங்காதீர்கள். எத்தனை விலை இறங்கினாலும் வேண்டாம். டிரைவர் கர்னலோடு வரும் டாங்கிளாகப் பாருங்கள், சிக்னல் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

"அப்படியானால் உங்களுடையதைக் கொடுங்களேன், இரண்டு நாள் போட்டுப் பார்க்கிறேன்" என்றார். தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.