அதிபர்களுக்கான நிதிப் பயிற்சி: காசேட்டைக் கையோடு கொண்டு போங்கள்

மட்டக்களப்பு நகரில் பாடசாலை அதிபர்களுக்கென நடக்கும் இரண்டு நாள் நிதி முகாமைத்துவப் பயிற்சிக்கு 5 இல் 3 புள்ளி கொடுக்கலாம். அந்த மூன்றில் இரண்டு, இரண்டாம் நாள் காலை அமர்வு ஒன்றுக்கே உரியது.

முதல் நாள் நிதிப் பிரமாணங்களின், அதாவது அரச நிதி விதிகளின், வாசிப்பு. முற்பணத்துக்கான 371ஆம் பிரமாணம், வருடாந்தப் பொருட் கணக்கெடுப்புக்கான 756 எல்லாம் அதிபர் அறிந்திருக்க வேண்டியவைதான். அதற்காகத் திரையில் உள்ளதை வரிக்கு வரி வாசித்தால், மத்தியானம் மீன் கறியோடு சோறு சாப்பிட்டவருக்கு எது மனதில் நிற்கும்?

இரண்டாம் நாள் காலை வங்கிக் கணக்கிணக்கம்: பாடசாலையின் வரவு செலவை எழுதும் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டுப் பொருத்துவது. இது அருமை. காசேட்டு மீதி 84,500 ரூபா. வங்கிக் கூற்றோ 97,750 என்கிறது. முதலில் வங்கிக் கட்டணம் 250 ஐக் காசேட்டில் பதிந்தால் 84,250. நாம் எழுதிக் கொடுத்தும் வங்கிக்கு வராத காசோலைகள் 18,500 ஐக் கூட்டி, வைப்பிலிட்டும் வரவு வைக்கப்படாத 5,000 ஐக் கழித்தால் 97,750. பலர் சறுக்குவது முதற்படியில். கட்டணத்தை இணக்கக் கூற்றில் மட்டும் எழுதிவிட்டுக் காசேட்டைத் தொடாமல் விடுகிறார்கள். அதே 250 மாதாமாதம் வித்தியாசமாகத் திரும்பி வரும். ஆறு மாதம் கடந்த காசோலையை வங்கி ஏற்காது, அதைக் காசேட்டில் மீள வரவு வைக்க வேண்டும் என்பதையும் இங்கே செய்தே காட்டுகிறார்கள்.

விலைமனு அமர்வும் பரவாயில்லை. மூன்று விலைமனுவும் ஒரே கையெழுத்தில் இருப்பது, கொள்வனவுக் கட்டளைக்கு முந்திய திகதியில் கடைப் பட்டியல் (பில்) இருப்பது, ஒரே வாரத்தில் ஒரே கடையில் ஒரு கொள்வனவை நாலாகப் பிரிப்பது: கணக்காய்வு எங்கே கை வைக்கும் என்பது தெளிவாகிவிடும்.

குறை வேறு இடத்தில். கணக்காய்வுக்குத் தப்புவது எப்படி என்று சொல்லித்தருகிறார்கள். காசு வகுப்பறைக்குப் போய்ச்சேர்வது எப்படி என்பதற்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. கற்றல் பொருட்கள் வாங்கக் கிடைக்கும் தர உள்ளீட்டுப் பணத்தை வருட முடிவில் அவசரமாகச் செலவழிக்கும் பாடசாலையை எடுங்கள். உறுதிச்சீட்டு, பற்றுச்சீட்டு, பொருட்பதிவேடு எல்லாம் சரி. ஆனால் டிசம்பரில் வாங்கிய ஐதரசன் பேரொட்சைட்டு நாள்பட வீரியம் குறைந்துகொண்டே போகும். கல்சியம் குளோரைட்டு மாரி ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகும். போட்டோ கொப்பித் தாள் நனைந்து பொங்கி இயந்திரத்தில் சிக்கும். கணக்கில் ஒரு சதம் பிழையில்லை, சாதாரண தரப் பிள்ளை பரிசோதனையைப் படத்தில்தான் பார்த்தது. பாட ஆசிரியரிடம் எந்தப் பொருள் எந்த வாரம் தேவை என்று எழுதி வாங்கி, விலைமனுவுக்கும் விநியோகத்துக்கும் எடுக்கும் நாட்களைப் பின்னோக்கிக் கழித்து ஆண்டு நடைமுறைத் திட்டத்தில் போடுவதுதான் அதிபருக்கு வேண்டிய முதல் நிதித் திறன். அது நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை.

கொடுக்கும் கணினிக் கோப்பை நம்பிப் போக வேண்டாம். பாமினி எழுத்துருவில் செய்திருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத மடிக்கணினியில் தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மொத்தம் கூட்டும் சூத்திரம் கடைசி வரிக்கு முன்பே நின்றுவிடுகிறது, இடையில் வரி சேர்த்தால் இன்னும் மோசம். சதுரக்கோட்டுக் கொப்பியே மேல்.

எழுதுவினைஞர் இல்லாத சிறிய பாடசாலைக்குப் புதிதாகப் போன அதிபருக்கு இது கட்டாயம் பயன்படும். பொருளாளராக இருக்கும் ஆசிரியரையும் கூட்டிப் போங்கள், காசேட்டை எழுதுவது அவர்தான். கடைசி மூன்று மாத வங்கிக் கூற்று, காசேடு, காசோலை அடிக்கட்டை மூன்றையும் எடுத்துப்போனால், மாதிரிக் கணக்குக்குப் பதிலாக உங்கள் கணக்கையே வளவாளர் பக்கத்தில் இருந்து சரிபார்த்துத் தருவார். முதல் நாள் பிந்திப் போனாலும் பெரிய நட்டமில்லை.