தேநீர் அறையா, வெந்நீர் ஊற்று ஊரா?

ஜப்பான் மேல இருக்கற பிரியத்துல ஒரு கோஸி மிஸ்டரி, அதாவது ரத்தம் வன்முறை அதிகம் இல்லாத சின்ன ஊர் துப்பறியும் கதை, எழுதணும்னு உக்காந்தா முதல் கேள்வியே கதை எங்க நடக்குதுங்கறதுதான், எனக்கு ரெண்டு இடம் மனசுல சுத்திட்டே இருக்கு, ஒண்ணு கியோட்டோல ஒரு தேநீர் அறை, இன்னொண்ணு கினோசாகிங்கற வெந்நீர் ஊற்று ஊர்.

தேநீர் அறைல புதிர் தானா அமையுது. நிஜிரிகுச்சினு ஒரு வாசல், சுமாரா 66 செ.மீ. உயரம்தான், யாரா இருந்தாலும் குனிஞ்சு தவழ்ந்துதான் உள்ள போகணும், அந்த காலத்துல சாமுராய் கூட வாளை வெளிய வச்சிட்டுதான் வருவாங்க. கெட்டியான கொய்ச்சா டீயை ஒரே கிண்ணத்துல எல்லாரும் குடிப்பாங்க, வாய் வச்ச இடத்தை துடைச்சிட்டு அடுத்தவருக்கு குடுப்பாங்க, அதுல ஒருத்தருக்கு மட்டும் விஷம்னா எப்படி? நினைச்சாலே கை பரபரக்குது. ஆனா ஆளுங்க நாலஞ்சு பேருதான், சடங்கை நுணுக்கமா தெரிஞ்சிக்காம எழுதினா உடனே மாட்டிப்போம்.

கினோசாகில ஏழு பொதுக் குளியல் வீடு, விடுதில தங்கறவங்க யுகாதாங்கற மெல்லிய பருத்தி அங்கி போட்டுட்டு மரச்செருப்பு சத்தத்தோட தெருவுல நடப்பாங்க. விடுதிக்கு விடுதி யுகாதா டிசைன் வேற, இதைவிட நல்ல க்ளூ வேணுமா! இன்னொண்ணு, யுகாதால இடது பக்கம்தான் மேல வரணும், வலது பக்கம் மேல வந்தா அது இறந்தவங்களுக்கு உடுத்தற முறை. அவசரத்துல யாரோ மாத்தி கட்டிட்டு ஓடினத விடுதி பாட்டியம்மா கவனிச்சிருந்தா?

கோஸிக்கு கடைக்காரர், ஊர் வம்பு, சாப்பாடு, திரும்பத் திரும்ப வர்ற ஆளுங்க எல்லாம் வேணும், அதனால சீரீஸா எழுதணும்னா கினோசாகிதான், குளிர்கால நண்டு சீசன்ல முதல் புத்தகம். தேநீர் அறையை ஒரு சிறுகதைக்கு எடுத்து வச்சிருக்கேன்.