பேக்பிளேட்டும் விங்கும்: நாகைக் கடலோரத்திலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

ஸ்கூபா டைவிங்கில் மிதப்பைக் கூட்டிக் குறைக்க உதவும் காற்றுப் பை அணிதான் பி.சி.டி. அதில் ஜாக்கெட் வகையை விட்டு, முதுகில் மாட்டும் தகடான பேக்பிளேட், அதன் பின்னால் உப்பும் காற்றுப் பையான விங் பக்கம் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆழமான டைவ் எல்லாம் அந்தமானில்தான். மற்றபடி தரங்கம்பாடி, பூம்புகார் கடல், ஃபைபர் படகு, கலங்கல் தண்ணீர்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோ தூக்கும்?" என்றுதான். நான் சிலிண்டரிலிருந்து கணக்கைத் தொடங்கச் சொல்வேன். 11 லிட்டர் சிலிண்டர் இரண்டில், 200 பார் அழுத்தத்தில் சுமார் 5 கிலோ காற்று இருக்கும். டைவ் தொடங்கும்போது அந்த எடையை விங் தாங்க வேண்டும். அதோடு, ஆழத்தில் நுரை ரப்பர் உடையான சூட் அமுங்குவதால் குறையும் மிதப்பையும் ஈடுகட்ட வேண்டும். நம் பக்கத்து வெதுவெதுப்பான தண்ணீருக்கு 3 மி.மீ. சூட்டே போதும் என்பதால் அந்த இழப்பு கொஞ்சம்தான். 18 கிலோ விங் தாராளம். 27 கிலோ விங்கை வாங்கினால் பாதி காலியாகவே கிடந்து சிலிண்டரைச் சுற்றி மடங்கும், மடிப்பில் காற்று மாட்டிக்கொள்ளும். மேலேறும் வழியில், உடலில் கரைந்த வாயு வெளியேறக் காத்திருக்கும் 6 மீட்டர் டிகோ நிறுத்தத்தில் அந்தக் காற்று வெளியேற மறுத்தால் பெரிய தலைவலி.

அலுமினிய சிலிண்டர் காலியானால் மிதக்கப் பார்க்கும். அதனால் அதற்கு இரண்டரை, மூன்று கிலோ ஸ்டீல் பிளேட் சரியான ஜோடி. ஸ்டீல் சிலிண்டரோடும் ஸ்டீல் பிளேட்டைப் போட்டு, மேலே மெல்லிய சூட் என்றால், விங் கிழியும்போது கழற்றிப் போட எடையே இருக்காது. குளிர் நாடுகளில், உள்ளே காற்று ஏற்றக்கூடிய, தண்ணீர் புகாத டிரைசூட் மாற்று மிதப்பாகக் கைகொடுக்கும். இந்த வெயிலில் அதைப் போட்டால் படகிலேயே வெந்துவிடுவோம். ஒன்று போனால் இன்னொன்று என்று இரண்டு காற்றுப் பை உள்ள இரட்டைப் பை விங்கும் பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டாவது பையில் மெல்லக் காற்று ஏறினால், கலங்கலில் எது உப்புகிறது என்றே புரியாது. விங் கைவிட்டாலும் நீந்தி மேலேறும் அளவுக்கு எடையை அடக்கி, ஒற்றைப் பையோடு போவதே எனக்குப் பிடித்திருக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஆற்று வண்டல் கடலில் கலந்து கிடக்கும். விங்குக்குக் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர் பொத்தானை அழுத்தினால் கரகரவென்று போய், திரும்பி வரச் சோம்பல்படும். அது அழுந்தியபடியே நின்றால் விங் உப்பி, ராக்கெட் மாதிரி மேலே போய்விடுவோம். அதற்குக் காற்று கொண்டுவரும் ஹோஸைச் சட்டென்று பிடுங்கும் பழக்கம் கையில் இருக்க வேண்டும். வீட்டு போர்வெல் தண்ணீரும் உப்பு என்பதால், குழாயில் கொள்ளிடம் தண்ணீர் வரும் நாளில்தான் விங்கைக் கழுவுவேன். பைக்குள் பாதி ஊற்றிக் குலுக்கி, காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வு வழியாக வடித்து, உப்புக் கரிக்கிறதா என்று ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். வீட்டில் திட்டு விழும்.

பிளேட் 316 ரக துருப்பிடிக்காத ஸ்டீல், இன்னும் பளபளப்பு. கூட வந்த போல்ட்டுகளில் மட்டும் செந்துரு பூத்தது. சென்னையிலிருந்து வேறு வரவழைத்தேன்.

எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை, பிளேட்டைத் தோளில் மாட்டும் வார்தான். ஒரே துண்டு வார், உடைய பிளாஸ்டிக் பக்கிள் கிடையாது, நல்லதுதான். ஆனால் ஏணியில்லாத ஃபைபர் படகில் தண்ணீரிலேயே எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அலை அடிக்கையில் தோளை உருவ நான் திணறுவேன். "தம்பி, மொத இடது கைய உருவு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்பார் படகு அண்ணன். இந்த ஒரு விஷயத்தில் பழைய ஜாக்கெட் தேவலாம்.