ஆஸ்பத்திரி மனநல கிளினிக்: 5க்கு 4, அறைக்கு கதவு போட்டா 5

எங்கட அண்ணன் இயக்கத்துல இருந்தவர், 2009க்குப் பிறகு புனர்வாழ்வு முடிச்சி வீட்ட வந்தவர். இத்தின வருசமா நாங்க நெனச்சதெல்லாம் ஆளுக்கு கோவம் கூட, நித்திர இல்ல, குடிக்கவும் பழகிட்டார் எண்டுதான், இது ஒரு வருத்தம், இதுக்கு மருந்து இருக்கு எண்டு ஆரும் சொல்லல்ல.

போன மாரிக்குள்ள ஒரு ராவு தென்னோல ஒண்டு குசினித் தகரத்துல விழுந்திச்சி. ஒரே பாய்ச்சல்ல என்ட சின்னவன நிலத்துல போட்டு மேல கவுந்து படுத்திட்டார். ஓலதான் அண்ணன் எழும்புங்க எண்டு எத்தின தரம் சொல்லியும் எழும்பல்ல, முதுகெல்லாம் வேர்வ, கை மட்டும் புள்ளட தலைய பொத்தினபடியே இருந்திச்சி. அண்டைக்கே 1926க்கு அடிச்சன், அது அங்கொட மனநல நிறுவனத்துட லைன், ராவு பகல் எண்டு இல்ல, தமிழ்லயும் கதைக்கலாம். அவங்கதான் கிட்ட உள்ள அரசாங்க கிளினிக்குக்கு கூட்டிப் போகச் சொன்னாங்க.

மட்டக்களப்புல நாங்க போற இடத்துல காலம 7 மணிக்கே துண்டு எடுக்கணும், மறுகா 10 மணி வர காவல். டொக்டர் எங்க நிண்டீங்க, என்ன செஞ்சீங்க எண்டு ஒண்டும் தோண்டல்ல. நித்திர எப்பிடி, கனவு வருதா, சத்தம் கேட்டா நெஞ்சு அடிக்குதா எண்டுதான் கேட்டார். முதலாம் உலக யுத்தத்துல ஷெல் ஷொக் எண்டு சொன்னாங்களாம், வியட்நாம் போய் வந்த அமெரிக்க ஆமிக்காரங்கட கஷ்டத்துக்குப் பிறகு 1980லதான் பிடிஎஸ்டி, அதாவது பயங்கரம் கண்ட மனசுல பிறகும் நிக்கிற வருத்தம், எண்ட பேரு டொக்டர்மார்ட புத்தகத்துல ஏறினதாம். அதக் கேட்டுத்தான் அண்ணன் நிமிந்து, "அப்ப எனக்கு மட்டும் இல்லயா டொக்டர்" எண்டார்.

நாங்க ஒரு பாமசியில கேட்டு வாங்கிக் குடுத்த நித்திரக் குளிசய மெல்ல மெல்லக் குறைச்சி செர்ட்ரலின் எண்ட மனநல மருந்து தந்தாங்க. உடன கேக்காது, 4, 6 கிழம பொறுக்கணும் எண்டு முதலே சொன்னது பெரிய உதவி, இல்லாட்டி ரெண்டாம் கிழமையே எறிஞ்சிருப்பார். இப்ப நாலு மாசம், கத்தி எழும்புறது குறைஞ்சிருக்கு. மாமாங்கத் திருவிழாவுக்கு மட்டும் இன்னும் வர ஏலா, வெடிச் சத்தம். நாங்களும் இழுக்கல்ல.

போன முற மகா ஓயாப் பக்கத்து சிங்கள ஐயா ஒருத்தர், ஆமியில பென்சன் எடுத்தவர், பொஞ்சாதியோட வந்திருந்தார். அவரும் அண்ணனும் சுவரோட முதுகு முட்டுற இடமாப் பாத்துத்தான் இருந்தாங்க. சித்திர வருசத்துக்கு வெடி கொளுத்தினா இவர் கட்டிலுக்குக் கீழதான் எண்டு அந்த அக்கா அரைகுறைத் தமிழ்ல சொன்னா.

குற ஒண்டுதான், ஆனா பெரிய குற. கவுன்சிலிங் அறைக்கு கதவு இல்ல, திரைச்சீல. அண்ணன் பதினஞ்சி வருசத்துக்குப் பிறகு முதல் முதலா வாய் திறக்கப் போக வெளிய ஆரோ செருமினாங்க, அதோட பேச்சு நிண்டிட்டு, மிச்சத்துக்கு ஒரு மாசம் காத்திருக்கணும். இப்பிடி ஆக்கள் வீட்டுல இருந்தா கட்டாயம் கூட்டிப் போங்க, காசு கட்டத் தேவல்ல, கூட ஒருத்தர் போங்க. அடுத்த திகதிக்கு அந்தத் திரைச்சீலைக்கு முன்னால நான் நிண்டு ஆக்கள விலத்தப் போறன்.