ரோஜா இலையைச் சல்லடையாக்கும் இரவு வண்டு: வலையா, கையா, விளக்கா, மருந்தா?

காலையில் பார்த்தால் ரோஜா இலையில் நரம்பு மட்டும் நிற்கும், இடையிலிருந்த பச்சை காணாமல் போயிருக்கும். பூச்சி ஒன்றும் கண்ணில் படாது. பளபளவென்று கோழைத் தடம் இருந்தால் நத்தை. கறுப்பு எச்சம் சிதறியிருந்தால் புழு. இரண்டும் இல்லையா? மொரீசியசில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடோரெட்டஸ் வெர்சூட்டஸ் என்ற பழுப்பு வண்டு. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம், பகலில் மண்ணுக்கும் சருகுக்கும் அடியில் தூக்கம், இருட்டியதும் மேய்ச்சல்.

இளங்கன்றுகளுக்கு வலைதான் முதல் தேர்வு. கண் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், கொசுவலையே போதும். நான்கு குச்சி நட்டு, இலையைத் தொடாமல் மூடி, ஓரத்தை மண்ணில் புதைக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: செடியடி மண்ணிலேயே வண்டு பதுங்கியிருந்தால், வலை அதற்குக் காவலாகிவிடும்! மூடுவதற்கு முன் சருகை அகற்றி மேல்மண்ணைக் கிளறிப் பாருங்கள். காய்கறிப் பாத்தியானால் விடிந்ததும் வலையை எடுத்துவிடுங்கள், தேனீ வரட்டும். அந்தி சாயுமுன் மறுபடி மூடினால் சரி.

வளர்ந்த செடிக்கு வலை தோதுப்படாது, கையால் பிடிப்பதே மேல். இருட்டி அரைமணி நேரம் கழித்து, இலைக்கு அடியில் சோப்புத் தண்ணீர்ச் சட்டியை ஏந்திக் கிளையைத் தட்டுங்கள். ஒரு லிட்டருக்குச் சில துளி பாத்திரச் சோப்பு. சோப்பில்லாத தண்ணீரில் வண்டு மிதந்து ஏறிவிடும். பத்து செடிவரை இது கட்டுப்படியாகும், அதற்கு மேல் சலிப்புத்தான்.

இரவு முழுவதும் விளக்கு எரியவிடுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஹவாயில் இந்த வண்டின் நெருங்கிய உறவான சீன ரோஜா வண்டு, வெளிச்சம் பட்ட செடிகளைக் குறைவாகவே தின்றது. இரண்டும் வேறு இனம் என்பதால், ஒரு சூரிய விளக்கை ஒரே செடியில் வைத்துப் பார்த்த பிறகு மற்றதை வாங்கலாம். நிழல் விழும் கீழிலைகளையும் பாருங்கள்.

மருந்து கடைசியில்தான். வேப்பெண்ணெயைக் காலையில் தெளித்தால் வண்டு வருவதற்குள் வெயில் அதன் வீரியத்தைத் தின்றுவிடும், மாலையில்தான் தெளிக்க வேண்டும். கடை மருந்தானால், தைப்பூசத்துக்குப் பறிக்கும் பூக்களில் அது படும் என்பதையும் நினையுங்கள். இந்த வண்டின் புழுப்பருவத்தைக் கொல்லச் செடியடியில் மருந்து ஊற்றுவது பெரும்பாலும் வீண்செலவு, வண்டு பக்கத்து வீட்டுப் புல்வெளியிலிருந்தும் பறந்து வரும். பக்கத்துத் தீவான ரீயூனியனில் கரும்பு வேரைத் தின்னும் வேறொரு வண்டின் வெள்ளைப் புழுவைப் பூஞ்சை அடக்கியது உண்மை. ஆனால் அது ஒரு வீட்டுத் தோட்டத்தில் நடந்ததல்ல, வயல் வயலாக இட்டுச் செய்த வேலை.