கொக்குவிலில் ஒரு முன்பள்ளி: பேரப்பிள்ளையை வளர்ப்பவரின் மதிப்பீடு

மகள் மத்திய கிழக்கில் வேலை செய்வதால் பேத்தி என்னிடமே வளர்கிறாள். அவள் படிக்கும் கொக்குவில் முன்பள்ளியைப் பற்றி, என்னைப் போலவே உறவுப் பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாமாரும் சித்திமாரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அனுமதிப் படிவத்தில் பாதுகாவலருக்கும் தனி இடம் உண்டு. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் கடிதத்துடன் என் கையொப்பத்தையே ஏற்றுக்கொண்டார்கள். விஜயதசமியன்று ஏடு தொடக்கியபோது, பிள்ளையை மடியில் இருத்தத் தகப்பன்தான் வரவேண்டும் என்று எவரும் கூறவில்லை. மாமாமாரும் அம்மப்பாமாரும் இயல்பாக அமர்ந்திருந்தார்கள்.

என்னை மிகவும் நெகிழவைத்தது ஆசிரியைகளின் பேச்சு. “அம்மா எப்ப வருவா?” என்று பிள்ளை கேட்டால் “நாளைக்கு” என்று பொய் சொல்லித் தேற்றாமல், தாய் எங்கே இருக்கிறார், எப்போது அழைப்பார் என்பதை எங்களிடம் கேட்டறிந்து, உண்மையையே எளிமையாகச் சொல்கிறார்கள். குடும்பப் படம் வரையும்போது, தூரத்திலிருக்கும் தாயையும் வீட்டிலிருக்கும் என்னையும் ஒரே தாளில் வரைய விடுகிறார்கள். இப்படியான கவனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கட்டணம் நியாயமானது. வாசலில் சிறுவர் உதவிக்கான 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை ஒட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் நிழல் போதாது. பெற்றோர் கூட்டத்தை வேலைநாள் முற்பகலில் வைப்பதால் கூலி வேலைக்குப் போகும் சித்திமாரால் வர முடிவதில்லை. சனிக்கிழமைக்கு மாற்றுமாறு நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம்.