கிரோனோகிராஃப் வாங்கி ஆறு வருடம்

.308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் ரகத்துக்கு வீட்டிலேயே தோட்டா கட்டத் தொடங்கியபோது, குண்டின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராஃபை ஆடம்பரம் என்றுதான் நினைத்தேன். குறியில் குண்டுகள் ஒட்டி ஒட்டி விழுகின்றன, வேறென்ன வேண்டும்?

முதலில் வாங்கியது மலிவான ஒளி உணரி வகை. ரைஃபிள் முனையிலிருந்து 12 அடி தள்ளி வைத்து, மேலே நிற்கும் கம்பிகளுக்கு நடுவே சுட வேண்டும். மேகம் வந்தால் ஒரு கணக்கு, வெயில் அடித்தால் வேறு கணக்கு. மூன்றாவது மாதம் கம்பியையே சுட்டேன் (எல்லோரும் ஒருநாள் சுடுவார்களாம்). இருந்தாலும் அதோடு நாலு வருடம் ஓட்டினேன்.

அது எனக்குச் செய்த பெரிய உதவி ஒரு ஆகஸ்ட் மாதம். நான் இருப்பது டெக்சஸ். தோட்டாப் பெட்டி காரின் முன்கண்ணாடி ஓரம் வெயிலில் கிடந்தது. ஜனவரியில் நொடிக்கு 2,570 அடி காட்டிய அதே தோட்டா, அன்று 2,635. சூட்டில் சில வெடிமருந்துப் பவுடர்கள் வேகமாக எரியும் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். தோட்டா கட்டும் கையேட்டில் பவுடரின் உச்ச அளவுக்குக் கொடுத்திருந்த வேகம் 2,650. ஆனால் அது 24 அங்குலக் குழலில் சுட்டது, என்னுடையது 20. குழல் ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் 20 அடி குறையும் என்று வைத்தாலும் 80 அடி குறைய வேண்டும். குறையவில்லை என்றால் அந்த வேகம் உள்ளே கூடிய அழுத்தத்திலிருந்துதான் வருகிறது.

சுட்ட உறையைத் திருப்பிப் பார்த்தேன். பிரைமரின் (உறையின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி) ஓரம் உருண்டையாகவே இருந்தது, தட்டையாகவில்லை. ரைஃபிளின் பின்புறத்தை மூடும் தாழான போல்ட்டைத் தூக்கும்போது மட்டும் லேசாக ஒரு பிடிப்பு. உறையின் அடியில், சுட்ட உறையை வெளியே தள்ளும் எஜெக்டர் படும் இடத்தில், நகக்கண் அளவுக்குப் பளபளப்பு. இந்த ரகத்துக்கு அமெரிக்கத் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ (எழுத்துக்கூட்டினால் நம்ம 'சாமி') வைத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. பித்தளை உறை இப்படி அடையாளம் காட்டுவதற்குள் அந்த வரம்பைத் தாண்டியே போயிருக்கலாம். பிரைமரை மட்டும் பார்த்து 'சரி, பத்திரம்' என்று சொல்கிறவர்களை அதன்பின் நான் நம்புவதில்லை. கிரோனோகிராஃபும் அழுத்தத்தை நேரடியாக அளக்காதுதான். ஆனால் முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது அதுதான்.

மீதி 38 தோட்டாவையும் அன்றிரவே பிரித்தேன். சுத்தியல் மாதிரிக் கருவியில் மாட்டித் தரையில் ஓங்கி அடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து அடி. அப்புறம் பவுடரின் ஆரம்ப அளவிலிருந்து மறுபடி ஏறி, முன்பைவிட அரை கிரெயின் (பவுடரை நிறுக்கும் சின்ன எடை அளவு) குறைவாக நிறுத்திக்கொண்டேன். குறியில் ஒரு வித்தியாசமும் இல்லை.

2023 இறுதியில் கார்மின் நிறுவனத்தின் கையடக்க ரேடார் கிரோனோகிராஃப் வந்ததும் அதற்கு மாறினேன். அப்போது 600 டாலர். மேசையில் வைத்தால் போதும். கம்பியும் இல்லை, மேகக் கணக்கும் இல்லை. ஒரே பாதகம், இஷ்டத்துக்கு எண்கள் கிடைப்பதால் ஐந்து தோட்டாவின் சராசரியை வைத்து ஜம்பம் அடிக்கத் தோன்றும். நான் 15 சுட்டபிறகுதான் நோட்டில் எழுதுகிறேன், பக்கத்தில் அன்றைய வெப்பநிலையோடு. தோட்டாப் பெட்டி இப்போது போவது ஐஸ் பெட்டிக்குள், ஐஸ் இல்லாமல்.